சார்லி தின்ற ஆப்பிள்

இண்டியானா, மிச்சிகன் பயணம் முடிந்து நேற்று ராத்திரி பதினொன்றரைக்குத்தான் சிகாகோ திரும்பி வந்தேன், பையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. செலவுக் கணக்கு, வழி, தங்குமிடம் எல்லாம் வரிசையாக எழுதுகிறேன் என்று நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் அந்தக் குதிரையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

எங்களுடையது சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கும் அட்வென்டிஸ்டு கிறிஸ்தவக் குடும்பம். அந்தச் சபையின் ஆரம்பக் கதைகளைச் சின்ன வயதிலிருந்து பாட்டி வாயால் கேட்டு வளர்ந்தவள் நான். அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது தரிசனமும் இல்லை, தீர்க்கதரிசனக் கணக்கும் இல்லை, சார்லி என்கிற குதிரைதான். சபையை நிறுவியவர்களில் முக்கியமான ஜேம்ஸ் ஒயிட், எலன் ஒயிட் தம்பதிக்கு வெர்மான்ட் மாநிலத்து விசுவாசிகள் கொடுத்த குதிரை அது. ஆப்பிள் என்றால் அதற்கு உயிர். சாலையோரத் தோப்புகளிலிருந்து பழம் உருண்டு கிடக்கும் இடங்களில் ஜேம்ஸ் வாரைத் தளர்த்துவாராம். சார்லி ஓட்டத்தை மெல்லக் குறைத்து, எட்டுகிற பழமாகப் பார்த்து ஒன்றைக் கவ்விக்கொண்டு, தலையை நிமிர்த்தி மறுபடி பாய்ந்து ஓடுமாம், தின்றுகொண்டே. "வாரைத் தளர்த்துவது" என்றால் என்ன என்று எனக்கு இத்தனை வருஷமாகப் புரிந்ததில்லை. இந்தப் பயணத்தில் புரிந்தது.

போய்ச் சேர்ந்த கதை வேண்டாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் வயிறு எரிகிறது. சிகாகோவிலிருந்து இண்டியானாவின் சவுத் பெண்டுக்கு ஒரு பேருந்து, 32 டாலர். இரண்டரை மணி நேரம் தாமதம், ஏறினால் உள்ளே குளிர்பெட்டி, கழிவறைக் கதவு சாத்தவே இல்லை. இறங்கி வாடகைக் கார் எடுக்கும் இடத்துக்கு ஆறு மைல், அதற்கு ஒரு டாக்ஸிக்காரர் 48 டாலர் வாங்கினார். மீட்டர் எங்கே என்றால் "இது நிலையான கட்டணம்" என்கிறார். எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன், பதில் இல்லை. மறுநாள் சாப்பாட்டுக்கு வைத்திருந்த காசு அது. தனியாக வருகிறவர்கள் ஏறுவதற்கு முன்பே விலை பேசிக்கொள்ளுங்கள்.

சரி, ஷிப்ஷெவானா. இண்டியானாவின் வடக்கு ஓரத்தில், பழைய முறையிலேயே வாழும் கிறிஸ்தவப் பிரிவினரான ஆமிஷ் மக்கள் இருக்கும் ஊர், இன்றும் குதிரை வண்டியில்தான் போகிறார்கள். (முகத்தைப் படமெடுத்தால் அவர்களுக்குப் பிடிக்காது, எடுக்காதீர்கள்.) 15 டாலர் கொடுத்து அரைமணி நேரம் ஒரு வண்டியில் ஏறினேன். இந்த 15 டாலருக்கு ஒரு பைசாகூட வருத்தமில்லை. வண்டிக்காரப் பெரியவரிடம் சார்லி கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, இறங்கி வந்து காட்டினார். கடிவாளத்திலிருந்து ஒரு மெல்லிய வார் குதிரையின் இரண்டு காதுகளுக்கு நடுவில் ஏறி, பிடரி மேலாக வந்து, முதுகுப்பட்டையில் ஒரு கொக்கியில் மாட்டியிருக்கிறது. ஓடும்போது குதிரை தலையைத் தொங்கப் போட்டுவிடாமல் இழுத்துப் பிடிப்பது இதுதான். இது மாட்டியிருக்கும்வரை குதிரையின் வாய் தரைக்கு எட்டாது. கொக்கியைக் கழற்றினார், அந்தக் கறுப்புக் குதிரை மூக்கை நீட்டிப் புல்லை முகர்ந்து, நீளமாக ஒரு மூச்சு விட்டது. தோல் வார் உராய்ந்த இடத்தில் பிடரிமயிர் தேய்ந்து வழவழவென்று இருந்தது.

வண்டியில் உட்கார்ந்தபடி இந்தக் கொக்கி எட்டாது. அப்படியானால் ஜேம்ஸ் தோப்பு வருவதை முன்பே கவனித்து, நிறுத்தி, இறங்கிக் கழற்றியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஊர் ஊராகக் கூட்டத்துக்கு ஓடுகிற மனுஷன், ஒரு குதிரைக்கு ஆப்பிள் கிடைக்கட்டும் என்று.

அந்த ஓட்டம் எப்படிப்பட்டது தெரியுமா? 1852இல் நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டரில் வருஷம் 175 டாலருக்கு ஒரு பழைய வீட்டை எடுத்து அச்சுக்கூடத்தோடு குடியிருந்தார்கள். அங்கிருந்து மெய்ன் மாநிலத்து பேங்கர் வரை இரண்டு மாதச் சுற்றுப்பயணம், கூடு வண்டியில், சார்லியை நம்பி. மூன்று வயது மகன் எட்சனுக்கு அப்போதுதான் காலரா வந்திருந்தது. தலையணை மேல் குழந்தையை மடியில் வைத்திருந்தாள் எலன். தூக்கத்தில் நழுவிவிடாமலிருக்கக் குழந்தையை அவள் இடுப்போடு சேர்த்துக் கட்டினார்கள். இரண்டு நாளில் நூறு மைல். மத்தியானம் சார்லியைச் சாலையோரப் புல்லில் மேயவிட்டுவிட்டு, ஜேம்ஸ் சாப்பாட்டுப் பெட்டியின் மூடிமேலோ தன் தொப்பிமேலோ தாளை வைத்துச் சபைப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதுவார். குதிரை மேய்கிற நேரம்தான் அவருக்கு எழுதுகிற நேரம்! சபை வரலாறு பேசுகிற எல்லாரும் அந்தப் பத்திரிகையைச் சொல்கிறார்கள், மேய்ந்த குதிரையை யாரும் சொல்வதில்லை. எனக்கு இதில் கோபமே உண்டு.

ஜேம்ஸின் முதல் குதிரைக் கதை இன்னும் உருக்கம். 1843 ஜனவரி, வயது 21, கையில் காசில்லை. அப்பா குளிர்காலத்துக்கு மட்டும் ஒரு குதிரையை இரவல் தந்தார், ஒரு போதகர் மெத்தை பிய்ந்துபோன பழைய சேணமும் துண்டு துண்டான கடிவாளமும் தந்தார். சேணத்தை ஒரு மரக்கட்டைமேல் வைத்து மெத்தையை ஆணியடித்து, கடிவாளத் துண்டுகளையும் ஆணியாலேயே இணைத்து, தீர்க்கதரிசனக் கணக்கை விளக்கும் வரைபடத் துணியைக் கோட்டுக்குள் மடித்து வைத்துக் கிளம்பினார். மெய்ன் பனியில் அந்தக் குளிர்காலம் முழுக்கப் பிரசங்கம். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மனந்திரும்பினார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார்.

அப்புறம் சாப்பாடு! ஷிப்ஷெவானாவில் மசித்த உருளைக்கிழங்கின் மேல் கெட்டியான நூடுல்ஸை ஊற்றித் தருகிறார்கள். கேட்டால் வேடிக்கையாக இருக்கும், வாயில் வைத்தால் நெய்ச்சோறு சாப்பிட்ட மாதிரி மனசு நிறைகிறது. சூடான ரொட்டி, கடலை வெண்ணெய், கடைசியில் ஆப்பிள் பை. 17 டாலர். இரண்டு வேளைக்கு வந்தது.

மறுநாள் மிச்சிகனின் பேட்டில் கிரீக், காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். சார்லிக்கு ஒரு முழு நாளும் போதாது. 1856இல் கட்டிய ஒயிட் குடும்பத்து வீடு உட் தெருவில் அதே இடத்தில் நிற்கிறது, சின்ன வீடு, செங்குத்தான மாடிப்படி. அந்த டிசம்பரில்தான் ஜேம்ஸும் எலனும் இல்லினாயிலிருந்து அயோவாவின் வாகான் ஊருக்குப் பனிவண்டியில் போனார்கள், சோர்ந்து ஊழியத்தை விட்டு ஒதுங்கியிருந்த நண்பர்களைப் பார்க்க. மிசிசிப்பி ஆற்றில் உறைந்த பனிக்கட்டி, அதன்மேல் ஒரு அடி தண்ணீர். வண்டியோட்டிய ஜோசையா ஹார்ட் எழுந்து நின்று கேட்டார், அயோவாவா, இல்லை இல்லினாய்க்குத் திரும்பவா என்று. அயோவா என்றார்கள். ஜெபம் பண்ணிக்கொண்டே போய்க் கரையேறினார்கள். அந்தப் பனிமேல் முதல் காலை வைத்தவை குதிரைகள், அவற்றை யாரும் கேட்கவில்லை. ஆனால் 1890இல் வந்த தன் புத்தகத்தில் பைபிளில் வரும் பிலேயாம் தன் கழுதையை அடித்த கதையைச் சொல்லும் இடத்தில் எலன் எழுதியது எனக்கு மனப்பாடம்: தன் கைக்குள் இருக்கிறது என்பதற்காக மிருகத்தைத் துன்புறுத்துகிறவன் கோழை, கொடுங்கோலன். குதிரைகளோடே வாழ்ந்தவள் எழுதிய வரி அது.

பேட்டில் கிரீக்கில் இருந்த இன்னொருவர் யூரியா ஸ்மித், சபைப் பத்திரிகை ஆசிரியர். 1899இல் மோட்டார் வண்டிக்கு ஒரு வடிவம் யோசித்தார், முகப்பில் மரத்தால் செய்த குதிரைத் தலை! எதிரே வரும் குதிரைகள் மிரளக் கூடாதாம். எனக்கு அவர்மேல் பெரிய பிரியம் வந்துவிட்டது.

ஒயிட் வீட்டைப் பார்க்க நுழைவுக் கட்டணம் யாரும் கேட்கவில்லை, காணிக்கையாக 10 டாலர் போட்டேன். அன்று வெள்ளிக்கிழமை, சூரியன் சாய்ந்தால் ஓய்வுநாள் தொடங்கிவிடும் என்பதால் அதற்குள் ஓக் ஹில் கல்லறைத் தோட்டத்துக்கும் ஓடினேன், ஜேம்ஸும் எலனும் அங்கேதான் இருக்கிறார்கள். அறை 95 டாலர், கார் இரண்டு நாளைக்கு 110, பெட்ரோல் 28. டாக்ஸிக்காரர் மட்டும் இல்லையென்றால் 48 டாலர் மிஞ்சியிருக்கும். அடுத்தது மெய்னில் ஜேம்ஸ் கிளம்பிய பால்மைரா. ஜனவரியில் போகத்தான் ஆசை, அந்தக் குளிருக்கு ஒரு நல்ல கோட்டு வாங்கவே இப்போதிலிருந்து சேர்க்க வேண்டும்.