எனக்கென்று ஓர் ஏணி

2025 ஜூன் 8, ஞாயிறு

ஸ்டோர் ரூமை ஒழித்தோம். காலையில் ஆரம்பித்தது, மதியம் தாண்டிவிட்டது. பிரிக்காத பெட்டிகள் மட்டும் நான்கு. அதில் ஒன்றில் இருந்ததை எதற்காக வாங்கினோம் என்று எனக்கும் நினைவில்லை, மனைவிக்கும் நினைவில்லை. மகளின் பழைய சைக்கிள், அதற்குப் பதிலாக வாங்கிய சைக்கிள், இரண்டும் காற்றிறங்கி நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் பின்னால் சுவரில் சாய்ந்தபடி ஓர் அலுமினிய ஏணி.

அதைப் பார்த்ததும் எனக்கு வேலை ஓடவில்லை. இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் மாதமே வாங்கியது. "இனிமேல் யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டாம்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே தூக்கி வந்தேன். மூன்று வருடத்தில் இரண்டு முறை ஏறியிருப்பேன்.

பழைய வீட்டில் ஏணி கிடையாது. பக்கத்து வீட்டு அண்ணனிடம் ஒரு மர ஏணி இருந்தது. பல்பு மாற்ற வேண்டுமென்றால் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். ஏணியை மட்டும் கொடுத்து அனுப்ப மாட்டார், கூடவே வந்து கீழே பிடித்துக்கொள்வார். பல்பு மாற்ற ஐந்து நிமிடம். அப்புறம் ஒரு மணி நேரம் வாசற்படியில் பேச்சு. அதை அப்போது தொந்தரவு என்று நினைத்தேன்.

"நாம மூணு பேரும் சேர்ந்து விழுந்து விழுந்து சிரிச்சது கடைசியா எப்போ?" என்று மனைவி கேட்டாள். எனக்கு ஞாபகம் வந்தது பழைய வீட்டில் நடந்த ஒன்று. அவளுக்கும் அதேதான்.

சம்பளம் இரண்டு மடங்காகிவிட்டது. வீடும் பெரிது. பிறகு என்ன குறைகிறது? கொஞ்ச நாள் தொடர்ந்து எழுதிப் பார்க்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

"பணம் இருப்பவன்தான் பணத்தில் என்ன இருக்கிறது என்று பேசுவான்" என்றார் நண்பர், போனில். அவர் சொன்னது சரி. அதை முதலில் எழுதிவிட வேண்டும்.

எனக்கு எட்டு வயதிருக்கும். கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நின்றால் அப்பா பின்கட்டுக்குப் போய்விடுவார். "அப்பா வீட்டில் இல்லை" என்று சொல்வது என் வேலை. வந்தவருக்கு நான் பொய் சொல்கிறேன் என்று தெரியும், அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். அம்மா மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுவாள், இரண்டு நாளைக்கு வரட்டும் என்று. அந்த வீட்டில் மனநிறைவு இருந்தது என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வரும். 'போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து' என்பதை, போதாமல் தவிப்பவரிடம் சொல்லக் கூடாது.

ஆய்வுகளும் இதைத்தான் சொல்கின்றன. 2010-இல் உளவியலாளர் டேனியல் கானமனும் பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டனும் அமெரிக்காவில் எடுத்த நான்கரை லட்சம் பதில்களை ஆராய்ந்தார்கள். ஆண்டு வருமானம் சுமார் 75,000 டாலர் வரை அன்றாட மகிழ்ச்சி கூடுகிறது, அதற்கு மேல் கூடவில்லை என்றார்கள். 2021-இல் மாத்யூ கில்லிங்ஸ்வர்த் என்ற ஆய்வாளர் 33,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கைபேசி வழியே 'இந்த நிமிடம் எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்டுப் பார்த்தார். அப்படி ஓர் எல்லையே தெரியவில்லை, கூடிக்கொண்டே போகிறது என்றார். கானமனும் கில்லிங்ஸ்வர்த்தும் மோதிக்கொள்ளாமல், பார்பரா மெல்லர்ஸ் என்ற மூன்றாமவரை நடுவில் வைத்து ஒன்றாக உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. 2023-இல் வந்த முடிவு: பெரும்பாலோருக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் கூடுகிறது. ஆனால் மகிழ்ச்சி மிகக் குறைந்த, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பகுதியினருக்கு, ஒரு கட்டத்துக்கு மேல் பணம் உதவுவதில்லை. பிரிவு, சாவு, மனச்சோர்வு போன்ற துயரங்கள் பணத்துக்கு அசைந்து கொடுப்பதில்லை போலிருக்கிறது.

அப்படியானால் நான் எழுத ஒன்றுமில்லையா? இருக்கிறது. கூடுகிறது என்றால் எப்படிக் கூடுகிறது என்று பார்க்க வேண்டும். முதல் படி ஏற வருமானம் இரட்டிப்பாக வேண்டும். அதே உயரமுள்ள அடுத்த படிக்கு அந்த இரட்டிப்பும் இரட்டிப்பாக வேண்டும். மாத்திரையை உடைக்காமல் சாப்பிட அம்மாவுக்குத் தேவைப்பட்டது சின்னத் தொகை. அதே அளவு நிம்மதி இன்று எனக்கு வேண்டுமென்றால் எவ்வளவு வேண்டியிருக்கும், அதைச் சம்பாதிக்க எதையெல்லாம் விட வேண்டியிருக்கும்?

ஜூன் 13, வெள்ளி

வீடு வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதரை. மகள் தூங்கிவிட்டாள்.

பெரிய வீடு வேண்டுமென்றுதான் இவ்வளவு தூரம் வந்தோம். கூடுதல் அறை மூன்று மாதத்தில் பழகிவிட்டது. பயணம் மூன்று வருடமாகியும் பழகவில்லை. புரூனோ ஃப்ரை, அலோயிஸ் ஸ்டுட்சர் என்ற இரு பொருளியலாளர்கள் ஜெர்மனி நாட்டுத் தரவுகளில் இதைக் கண்டார்கள். வேலைக்குப் போய்வர அதிக நேரம் செலவிடுகிறவர்கள் வாழ்க்கையில் குறைவான திருப்தியோடு இருக்கிறார்கள். நல்ல சம்பளமோ நல்ல வீடோ அதை ஈடுகட்டவில்லை. 2004-இல் வந்த வேறோர் ஆய்வில், கானமன் குழு அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தைய நாளை ஒவ்வொரு நிகழ்வாக நினைவுகூரச் சொன்னது. மிகக் குறைந்த மகிழ்ச்சி தந்தவற்றில் ஒன்று காலைப் பயணம். அதிக மகிழ்ச்சி தந்தவற்றில் ஒன்று, நெருக்கமானவர்களோடு இருப்பது.

இரண்டாவதைக் கொடுத்து முதலாவதை வாங்கியிருக்கிறேன்.

ஜூன் 19, வியாழன்

அலுவலகத்தில் ஒருவர் புதுக் கார் எடுத்திருக்கிறார். எல்லோரும் கீழே போய்ப் பார்த்தோம். திரும்பி வந்து என் காரில் ஏறி உட்கார்ந்தபோது அது பழையதாகியிருந்தது. காலையில் அதே காரில்தான் நிம்மதியாக வந்தேன்.

இது என் குணக்கேடு என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு மட்டும் உள்ளது இல்லையாம். 1998-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக, சாரா சோல்னிக், டேவிட் ஹெமன்வே என்ற இரு ஆய்வாளர்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு கேள்வி கேட்டார்கள். உங்களுக்கு 50,000 டாலர், மற்றவர்களுக்கு 25,000. அல்லது உங்களுக்கு 1,00,000, மற்றவர்களுக்கு 2,00,000. விலைவாசி இரண்டிலும் ஒன்றுதான். எது வேண்டும்? சுமார் பாதிப் பேர் முதலாவதை எடுத்தார்கள். பாதிப் பணம் போனாலும் போகட்டும், பக்கத்தில் இருப்பவரைவிடக் கூட இருந்தால் போதும்.

ஆனால் விடுமுறையைப் பற்றி இதே மாதிரி கேட்டபோது பெரும்பாலோர் அப்படிச் சொல்லவில்லை. மற்றவர்களுக்கு எட்டு வாரம் கிடைத்தாலும் பரவாயில்லை, எனக்கு இரண்டுக்குப் பதில் நான்கு கிடைத்தால் சரி என்றார்கள். இதை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். காரைப் பக்கத்துக் காரோடு நிறுத்திப் பார்க்கலாம். மகளோடு கழிக்கும் ஒரு மதியத்தை யாருடைய மதியத்தோடு நிறுத்திப் பார்ப்பது? ஒப்பிட முடிந்தவைதான் சீக்கிரம் பழசாகின்றன. நான் ஆயுள் முழுக்க ஓடியது அவற்றின் பின்னால்தான்.

1978-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக, லாட்டரியில் பெரும்பணம் வென்ற 22 பேரோடு உளவியலாளர் பிலிப் பிரிக்மன் குழு பேசியது. வெல்லாதவர்களைவிட அவர்கள் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சியாக இல்லை. அதைவிட என்னைத் தொட்டது வேறு: நண்பரோடு பேசுவது, ஒரு வேடிக்கைப் பேச்சைக் கேட்பது மாதிரியான சின்னச் சின்ன விஷயங்களில் அவர்களுக்குக் கிடைத்த இன்பம் மற்றவர்களுக்குக் கிடைத்ததைவிடக் குறைவு. சிறிய ஆய்வுதான், இருந்தாலும் மனம் அதையே சுற்றுகிறது. பெரியது ஒன்று வந்து சின்னவற்றின் ருசியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

ஜூன் 22, ஞாயிறு

ஏணிக்கே திரும்ப வருகிறேன். இத்தனை நாள் எழுதியதில் சொல்ல வந்தது இன்னும் வரவில்லை.

பழைய வீட்டில் இல்லாதவை எத்தனையோ. தண்ணீர் வராத நாளில் எதிர் வீட்டுக் குடத்தில் பிடித்துக்கொண்டோம். மகளுக்கு இரவில் காய்ச்சல் கொதித்தபோது மாடியில் இருந்தவர் தன் வண்டியில் கொண்டுபோய் விட்டார், வெளியே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பதிலுக்கு அவருடைய மகனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். யார் யாருக்குக் கடன் என்று கணக்குத் தீராது. தீராததால் போக்குவரத்தும் நிற்காது.

கையில் பணம் சேரச் சேர, நான் முதலில் வாங்கியதெல்லாம் கேட்காமல் இருப்பதற்கான வசதி. தண்ணீர்த் தொட்டி வந்தது, எதிர் வீட்டுக்குப் போவது நின்றது. கார் வந்தது, மாடிக்காரரைக் கூப்பிட வேண்டியதில்லை. ஏணி வந்தது, அண்ணன் வருவதில்லை. ஒவ்வொன்றும் நல்ல பொருள்தான். ஒவ்வொன்றும் வந்தபோது ஓர் ஆள் வெளியே போனார். அது எந்த ரசீதிலும் எழுதப்படவில்லை, அதனால் எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு திரை. முன்பு ஒரே டிவி. எதைப் பார்ப்பது என்று தினமும் சண்டை. சண்டைக்காகவாவது மூன்று பேரும் ஓர் இடத்தில் இருந்தோம். இப்போது "சாப்பிட வா" என்று மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். அவள் இருப்பது பதினைந்து அடி தூரத்தில்.

உதவி கேட்பது கேவலம் என்று நான் நம்பியிருந்தேன். வாசலில் கடன்காரரைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அப்படித் தோன்றாமல் எப்படி இருக்கும்? யாரிடமும் கை நீட்டாமல் வாழ்வதுதான் அந்த எட்டு வயதுப் பையனின் கனவு. அந்தக் கனவு பலித்துவிட்டது. ஆனால் கடன் கேட்பதும் ஏணி கேட்பதும் ஒன்றில்லை என்று அந்தப் பையனுக்கு யாரும் சொல்லவில்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938-இல் தொடங்கிய ஓர் ஆய்வு இன்னும் நடக்கிறது. அங்கே படித்த மாணவர்களையும் பாஸ்டன் நகரின் ஏழைக் குடும்பத்துப் பையன்களையும் சேர்த்து 724 பேரை, இளமையிலிருந்து முதுமை வரை பின்தொடர்ந்தார்கள். ராபர்ட் வால்டிங்கர் அதன் நான்காவது இயக்குநர். ஐம்பது வயதில் தங்கள் உறவுகளில் நிறைவோடு இருந்தவர்களே எண்பதில் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார்கள், கொலஸ்ட்ரால் அளவைவிட இதுதான் முதுமையைச் சரியாகக் காட்டியது என்கிறார். நான் வருடா வருடம் கொலஸ்ட்ரால் பார்த்துக்கொள்கிறேன்.

ஜூன் 25, புதன்

பழைய வீட்டு அண்ணனுக்குப் போன் செய்தேன். ஒன்றரை வருடம் கழித்து. "என்னப்பா, ஏதாவது பிரச்சினையா?" என்றுதான் முதலில் கேட்டார். ஒன்றுமில்லாமல் நான் கூப்பிடுவேன் என்று அவருக்குத் தோன்றவில்லை. வலித்தது.

ஏணி எப்படியிருக்கிறது என்று கேட்டேன்.

"அது உடைஞ்சு போச்சுப்பா, போன வருஷமே."

"புதுசு வாங்கலையாண்ணா?"

"எதுக்கு? எதிர் வீட்டுல ஒண்ணு இருக்கே."

நாற்பது நிமிடம் பேசியிருக்கிறோம்.

ஜூலை 6, ஞாயிறு

மகளின் அறையில் ஓர் அலமாரித் தட்டு மாட்ட வேண்டும். சுவரில் நான்கு ஓட்டை போட வேண்டும். டிரில்லிங் மெஷின் வாங்கலாம் என்று போனை எடுத்தேன். நாளைக்கே வந்துவிடும். கூடைக்குள் போட்டும் விட்டேன்.

அப்புறம் போனை வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். மூன்று வருடத்தில் அவர்களோடு தலையசைப்பு மட்டும்தான். மணியை அடித்துவிட்டு நின்றபோது நெஞ்சு படபடத்தது, இந்த வயதில். கதவைத் திறந்தவர் என்னைவிடப் பத்து வயது பெரியவர். கேட்டதும் ஒரு நிமிடம் ஒன்றும் சொல்லவில்லை. தப்பாக வந்துவிட்டோமோ என்று திரும்ப நினைத்தபோது, "இருக்கு. ஆனா அது கொஞ்சம் உதறும், உங்களுக்குப் பழக்கம் இருக்கா சார்?" என்றார்.

இல்லை என்றேன்.

"இருங்க, வரேன்."

வந்தார். அவரே துளை போட்டார். நான் என் ஏணியைக் கொண்டுவந்து போட்டுக் கீழே பிடித்துக்கொண்டேன். மகள் பென்சிலால் அளவு குறித்துக் கொடுத்தாள். முதல் துளை சற்றுக் கோணலாகிவிட்டது. "இது என் தப்பு, வீட்டில் சொல்லிடாதீங்க" என்று அவளிடம் கிசுகிசுத்தார், அவள் சிரித்தாள். மனைவி சத்தம் கேட்டு வந்து கதவருகே நின்றாள்.

போகும்போது ஏணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வீட்டில் மேல் தட்டில் ஒரு பெட்டி இருக்கிறதாம், இரண்டு வருடமாக எட்டவில்லையாம். தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். அவருடைய மெஷின் எங்கள் ஹாலில் இருக்கிறது. இன்னும் ஒரு துளை பாக்கி.