அம்மாவின் சுருக்குப் பையும் பினாங்கு பஸ்ஸும்

மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போகிறோம் என்றதும் அலுவலகத்தில் எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: "வயசான அம்மாவைக் கூட்டிக்கொண்டு போறீங்க, பேசாம ஒரு கார் பேசிக்குங்க." நான் கார் பேசவில்லை. ஐந்து நாளும் பஸ், ஃபெர்ரி, கொஞ்சம் நடை. அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலியும் உண்டு. அப்படியும் சொல்கிறேன், அந்தத் தீவுக்குப் பஸ்தான் சரி.

தீவுக்குள் நுழைய இரண்டு பாலங்கள் இருக்கின்றன. 1985-இல் திறந்தது 13.5 கிலோமீட்டர், 2014-இல் திறந்தது 24 கிலோமீட்டர். ஆனால் முதல் முறை போகிறவர்கள் தயவுசெய்து ஃபெர்ரியில் போங்கள். கோலாலம்பூரிலிருந்து ரயிலில் வந்து, தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்தில் இறங்கினால் படகுத்துறைக்கு நடந்தே போய்விடலாம். கடலைத் தாண்டக் கால் மணி நேரம். அம்மாவின் அப்பா பினாங்கு ஸ்ட்ரீட்டில் ஒரு செட்டியார் கிட்டங்கியில், அதாவது வட்டிக்கடையில், கணக்கெழுதியவர். தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் கட்டடங்கள் கிட்டே வர வர அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். "அப்பா இங்கதானே வந்து எறங்கியிருப்பாக" என்றார். பாலத்தில் காரில் வந்திருந்தால் அந்த வார்த்தை வந்திருக்காது.

ஜார்ஜ் டவுனுக்குள் சுற்ற ஒரு இலவச பஸ் ஓடுகிறது. மற்ற பஸ்கள் படகுத்துறையிலோ கொம்தார் கட்டடத்தடியிலோ கிடைக்கும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கையில் சில்லறை வேண்டும். டிரைவர் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கும், கட்டணத்தை நாமே அதில் போட வேண்டும், மீதி தரமாட்டார்கள். முதல் நாள் நான் ஐந்து ரிங்கிட் நோட்டைப் போட்டுவிட்டு மீதிக்காக நின்றேன். டிரைவர் சிரித்துத் தலையாட்டினார், அவ்வளவுதான். அன்று ராத்திரியே அம்மா கடைகடையாய்ச் சில்லறை மாற்றி, இடுப்பில் செருகும் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் பஸ் வருவது தெரிந்ததும் கயிற்றை இழுத்து, விரலால் துழாவி, ஐம்பது காசையும் இருபது காசையும் உள்ளங்கையில் தனித்தனியாக அடுக்கித் தயாராக நிற்பார். அங்கே தமிழர்கள் ரிங்கிட்டை 'வெள்ளி' என்கிறார்கள். இரண்டாம் நாளே அம்மாவும் வெள்ளிக் கணக்குக்கு மாறிவிட்டார்.

பினாங்கு மலைக்கு 204-ஆம் நம்பர் பஸ். அதில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண், "ஊர்லேர்ந்து வந்தீங்களாம்மா? பசியாறியாச்சா?" என்று கேட்டார். காலைச் சாப்பாட்டுக்கு அவர்கள் சொல்லும் சொல் அது. அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது; இறங்குமிடம் வரை பேச்சு ஓயவில்லை. மலையேறும் ரயில் 1923-இல் வந்தது. முன்பு பாதி வழியில் வண்டி மாற வேண்டும், 2011 முதல் நேரே உச்சிக்குப் போகிறது. காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏற ஏற வரிசை நீளும். மேலே ஒரு முருகன் கோயிலும் இருக்கிறது.

கடற்கரைக்கு 101. வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள், தஞ்சோங் பூங்கா தாண்டியதும் வளைவுக்கு வளைவு கடல் எட்டிப் பார்க்கும். போய்ச் சேரும் இடத்தின் பெயர் பத்து ஃபெரிங்கி. மலாயில் 'பத்து' என்றால் கல். பத்துமலையில் இருப்பதும் அதே பத்துதான். ஃபெரிங்கி நம்ம பரங்கி. பெயரின் அர்த்தம் புரிந்ததும் பரங்கிமலை ஸ்டேஷனில் தினமும் ரயில் ஏறும் எனக்கு ஏதோ சொந்த ஊர் பக்கம் வந்த மாதிரி இருந்தது. திரும்பும்போது சாயங்கால நெரிசலில் மாட்டிக்கொண்டோம். அந்தக் கரையோரம் குறுகலான ஒரே சாலை, பஸ்ஸை எதிர்பார்த்து முக்கால் மணி நேரம் நின்றதில் அம்மாவின் கால் வீங்கிவிட்டது. நாலு மணிக்குள் கிளம்பியிருக்க வேண்டும். அது என் தப்பு.

முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்கு மட்டும் கிராப் டாக்ஸி எடுத்தோம், அந்தப் பக்கம் பஸ் குறைவு. மலைக்கோயிலுக்கு 513 படி. அம்மாவால் முடியாது. போகும் வழியிலேயே இருக்கும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலில் உட்கார்ந்துகொண்டு, "நீ ஏறிட்டு வா, அப்பா கும்பிட்ட சாமி இதுதான், எனக்கு இது போதும்" என்றார். நான் ஏறி இறங்கி வரும் வரைக்கும் அதே தூணடியில்தான் இருந்தார்.

கடைசி நாள் படகுத்துறையில் அம்மா வழக்கம்போல் பையைத் திறந்துவிட்டார். அப்போது தீவுக்கு வரும்போதுதான் ஃபெர்ரிக்குக் காசு வாங்கினார்கள், திரும்பிப் போக இலவசம். அதைச் சொன்னேன். "போறவுககிட்ட வாங்க மாட்டாகளா?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். மேல்தளத்தில் உட்கார்ந்து, மடியில் கொட்டி எண்ணினார். மூன்று வெள்ளி நாற்பது காசு. அதோடு ஒரு வெள்ளி நோட்டையும் சேர்த்து, பட்டர்வொர்த்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது ஆளுக்கொரு தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் டீ) குடித்தோம்.