மாணவி என்னிடம் சொன்ன பிறகு நான் செய்தவை

பயிற்சி முடிந்து மைதானத்தில் கோன்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கூடவே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த மாணவி, "மிஸ், நாளையிலேர்ந்து நான் வரலை" என்றாள். கால் வலியா என்று கேட்டேன். "வலின்னு சொன்னாத்தான் மிஸ், மசாஜ் பண்றேன்னு ரூமுக்குக் கூப்பிடுறாரு" என்றாள். தலைமைப் பயிற்சியாளரைத்தான் சொன்னாள்.

நான் பள்ளியில் பி.டி. டீச்சர். மாலையில் ஒரு தனியார் பயிற்சி மையத்தில் உதவிப் பயிற்சியாளராகவும் இருந்தேன். ஊர், விளையாட்டு, அவள் வயது எதையும் இங்கே எழுதவில்லை. குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடக் கூடாது என்று, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமே சொல்கிறது.

நான் குறுக்கே கேள்வி கேட்கவில்லை. "சொன்னது நல்லதும்மா, உன் மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மிஸ்" என்று கெஞ்சினாள். அந்த வாக்கை என்னால் கொடுக்க முடியாது என்று அப்போதே சொல்லிவிட்டேன். அம்மாவிடம் சேர்ந்தே சொல்வோம் என்றதும்தான் சம்மதித்தாள். அன்று இரவே அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே, தேதியும் நேரமும் போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்தேன்.

மறுநாள் நான் செய்தது தவறு. நேரே மையத்தின் செயலாளரிடம் போனேன். "போட்டிக்குப் பத்து நாள்தான் இருக்கு, முடியட்டும், நாங்களே கூப்பிட்டு விசாரிக்கிறோம்" என்றார். ஒரு முழு நாள் அவர் பதிலுக்காகக் காத்திருந்தேன். அந்தச் சமயத்தில் பயிற்சியாளர் வழக்கம்போல மைதானத்தில்தான் இருந்தார், பிள்ளைகளும் இருந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு இப்படி நடந்தது தெரிந்தால் போலீசுக்குத் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை செய்பவர் செய்ததை மறைத்தால் ஓர் ஆண்டு வரை. 'நாங்களே விசாரிக்கிறோம்' என்பதற்கு அங்கே இடமே இல்லை.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா அழுது முடித்துவிட்டு ஒன்று கேட்டார்: "ஒலிம்பிக் மெடல் வாங்குனவங்களே டெல்லியில ரோட்டுல உக்காந்தாங்களே மிஸ், நாம எம்மாத்திரம்?" நியாயமான பயம். 2023இல் மல்யுத்த வீரர்களான சாக்‌ஷி மாலிக், வினேஷ் போகாட், பஜ்ரங் புனியா எல்லாம் மல்யுத்த சம்மேளனத் தலைவர் மீதான பாலியல் புகாருக்காக டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்து, உச்ச நீதிமன்றம் வரை போன பிறகுதான் எஃப்.ஐ.ஆரே பதிவானது. ஆனால் போக்சோவில் புகாரைப் பதிவு செய்யாமல் விடுவதே தண்டனைக்குரிய குற்றம். அதை அவரிடம் விளக்கிச் சொன்னேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தே குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசினேன். அப்புறம் இருவரும் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். புகாரில் கையெழுத்து என்னுடையது.

வாக்குமூலம் வாங்க ஒரு பெண் எஸ்.ஐ. சுடிதாரில் வீட்டுக்கே வந்தார். சீருடையில் வரக் கூடாது, பிள்ளை நம்பும் ஒருவர் கூட இருக்கலாம் என்பதெல்லாம் சட்டத்திலேயே இருக்கிறது. அவள் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் தகவல் போனது. அவர்கள் ஓர் ஆதரவு நபரை நியமித்தார்கள். மருத்துவப் பரிசோதனை, நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் வாக்குமூலம் என்று அடுத்தடுத்து வந்தபோது அந்த அக்காதான் ஒவ்வொன்றையும் முந்தின நாளே அவளுக்குப் புரிய வைத்தார். இத்தனைக்கும் நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்வது அவளுக்குப் பெரிய பாரமாகத்தான் இருந்தது. நடுவரைப் பார்த்துவிட்டு வந்த அன்று அவள் சாப்பிடவே இல்லை.

பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் என்னைத் திட்டினார்கள். பிள்ளைகளின் சர்டிஃபிகேட், ஸ்போர்ட்ஸ் கோட்டா எல்லாம் போய்விடும் என்றார்கள். சமரசம் பேசவும் ஆள் வந்தது. சமரசம் செய்து முடிக்கக்கூடிய வழக்கே இல்லை இது என்று அம்மா வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார். முதல் நாள் அழுத அதே அம்மாதான்.

அந்த வாரமே கல்லூரியில் படிக்கும் ஒரு சீனியர் வந்து தனக்கும் தொந்தரவு இருந்தது என்றாள். அவளுக்குப் போக்சோ பொருந்தாது. ஆனால் பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் விளையாட்டுப் பயிற்சி நிலையமும் மைதானமும் பணியிடக் கணக்கில் வருகின்றன. மையத்தில் பத்துப் பேருக்கும் குறைவாகத்தான் வேலை பார்த்தோம் என்பதால் இப்படிப்பட்ட புகாரை விசாரிக்கும் உள் குழு அங்கே கிடையாது. மாவட்டத்தில் இருக்கும் உள்ளூர்க் குழுவில் எழுதிக் கொடுத்தாள். கடைசியாக நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அவள் வந்தபோது இரண்டரை மாதம் ஓடியிருந்தது.

நான் அந்த மையத்தை விட்டுவிட்டேன். இப்போது பள்ளி மைதானத்தில் என் பிள்ளைகளுக்குச் சில பழக்கங்கள் வைத்திருக்கிறேன். மூடிய அறையில் யாரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. வலிக்கு ஐஸ் வைப்பதுகூட வெளியில், எல்லோரும் பார்க்கும் இடத்தில்தான். வெளியூர்ப் போட்டி என்றால் பெண் பொறுப்பாளர் இல்லாமல் வேன் கிளம்பாது. பிள்ளைக்குத் தனியாக மெசேஜ் கிடையாது. அம்மாவோ அப்பாவோ இருக்கும் குரூப்பில்தான்.

நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் அவளிடம் நேராகக் கேள்வி கேட்க முடியாது, நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும் என்று ஆதரவு நபர் சொன்னதிலிருந்து கொஞ்சம் தைரியமாக இருக்கிறாள். காலையில் ஓடவும் தொடங்கிவிட்டாள். அடுத்த மாதம் எனக்கும் சாட்சி சம்மன் இருக்கிறது. அந்த நோட்டைப் பீரோவிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன்.