கரிசல்காட்டு நாய்க்கு ஒரு துபாய் ஆகஸ்ட்

எங்கள் சிப்பிப்பாறை வேட்டைநாய் செவலையைத் துபாய்க்குக் கூட்டிப்போகிறேன் என்றதும் கோவில்பட்டியில் யாரும் அதன் உடம்பைப் பற்றிக் கவலைப்படவில்லை. "சிப்பிப்பாறைக்கு வெயில் ஒரு கணக்கா? சித்திரையில கரிசக்காட்டுல முயல் வெரட்டுன சாதிலே அது" என்றார் சித்தப்பா. நானும் அதையே நம்பினேன். காகித வேலைதான் பெரிய மலை, அதை ஏறிவிட்டால் மிச்சம் தானாக நடக்கும் என்று இருந்தேன். காகித வேலை முடிந்தது. மிச்சம்தான் ஆளைப் படுத்தி எடுத்தது.

அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆன பிறகு, பூனையைக் கண்டால் பிய்த்துக்கொண்டு ஓடும் மூன்று வயது நாயை அவளால் வைத்துச் சமாளிக்க முடியவில்லை. வேறு யாருக்கும் கொடுக்க எங்களுக்கு மனசில்லை. அதனால்தான் இந்த முடிவு.

காகிதக் கதையைச் சுருக்கிவிடுகிறேன். முதல் சறுக்கல் ஊரிலேயே. வருடா வருடம் வெறிநோய்த் தடுப்பூசி போட்ட அட்டை கையில் இருக்கிறதே என்று தெம்பாக இருந்தேன். தோலுக்கடியில் அடையாள மைக்ரோசிப் வைத்த பிறகு போட்ட ஊசிதான் கணக்கில் சேரும், முந்தியது செல்லாது என்று அப்புறம்தான் தெரிந்தது. சிப் வைத்து, மறுபடி ஊசி போட்டு, நாள் எண்ணிக் காத்திருந்து, ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். இந்தியாவிலிருந்து போகும் நாய்க்கு ரத்தத்தில் வெறிநோய் எதிர்ப்புச் சக்தி மில்லிலிட்டருக்கு 0.5 யூனிட்டாவது இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதற்கப்புறம் அமீரக அமைச்சகத்தின் இறக்குமதி அனுமதி, சென்னை பள்ளிக்கரணையில் மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் அலுவலகத்தில் சான்றிதழ்.

நான் கொண்டுவந்தபோது துபாய்க்கு நாய் நம்மோடு வர வழியில்லை, சரக்காகத்தான் வர வேண்டும். பெட்டிக்குள் நின்றால் தலை முட்டக்கூடாது, திரும்பிப் படுக்க இடம் வேண்டும். சிப்பிப்பாறையின் காலுக்கு அளவெடுத்தால் பெட்டி கன்றுக்குட்டிக் கொட்டில் மாதிரி ஆகிவிட்டது. விமானச் சரக்கில் எடையை மட்டும் பார்ப்பதில்லை, அடைக்கிற இடத்தையும் பார்த்துக் காசு வாங்குகிறார்கள். ஒல்லிப்பிச்சான் நாய்க்கு மாட்டுக் கட்டணம் கட்டினேன். கோடையில் நாயை ஏற்ற விமான நிறுவனங்கள் பல தயங்கும் என்பதால் பிப்ரவரியிலேயே கொண்டுவந்தாயிற்று.

நான் இருந்த கராமா கட்டடத்தில் நாய்க்கு அனுமதி இல்லை. ஜுமேரா லேக் டவர்ஸ் (ஜேஎல்டி) பக்கம் ஒரு வீடு பார்த்து, வாடகை ஒப்பந்தத்தில் நாய் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் குடிபோனேன். வாய்வார்த்தையை நம்பாதீர்கள். கால்நடை மருத்துவமனை வழியாகவே மாநகராட்சிப் பதிவும் கழுத்துக்கு வில்லையும் கிடைத்தன. வெளியே எங்கும் கயிற்றோடுதான். மெட்ரோவிலும் பஸ்ஸிலும் ஏற்ற மாட்டார்கள்.

எங்கள் கட்டடத்தில் நாயோடு சர்வீஸ் லிஃப்டில்தான் போக வேண்டும். கதவு திறக்கும்போது உள்ளே ஆள் இருந்தால் நான் ஏறுவதில்லை, அவரை முதலில் போகச்சொல்லிக் கைகாட்டிவிடுவேன். தொழுகைக்குப் போகிறவர் மேல் எச்சில் பட்டால் அவர் திரும்பப் போய்க் கழுவ வேண்டியிருக்கும், நமக்கு இரண்டு நிமிடக் காத்திருப்புதானே. ஒருநாள் கீழே பார்க்கிங்கில் கந்தூரா அங்கி அணிந்த பெரியவர் ஒருவர் செவலையைத் தலையிலிருந்து வால்வரை அளந்து பார்த்தார். "சலூகி?" என்றார். இல்லை, இந்தியா என்றேன். கொஞ்சம் யோசித்து, "ஹிந்தி சலூகி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். பாலைவனத்து அரபிகள் தங்கள் வேட்டைநாயான சலூகியை மற்ற நாய்களோடு சேர்த்து எண்ணுவதில்லை. கூடாரத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வார்களாம். அபுதாபியின் அல் தஃப்ரா விழாவில் அதற்கென்று ஓட்டப்பந்தயமே உண்டு. அன்றிலிருந்து யார் கேட்டாலும் நானும் ஹிந்தி சலூகி என்றே சொல்லிவிடுகிறேன், விளக்கம் மிச்சம்.

பதிவு செய்த கால்நடை ஆஸ்பத்திரியில் முதல்நாளே ஒன்று சொன்னார்கள். இந்த வகை நாய்க்குக் கழுத்தைவிடத் தலை சிறுத்திருக்கும், சாதாரணக் கழுத்துப்பட்டை நாய் பின்வாங்கினால் கழன்றுவிடும், இழுத்தால் அளவாக இறுகுகிற பட்டை வாங்குங்கள் என்று. வாங்கலாம் வாங்கலாம் என்று நாளைக் கடத்தினேன்.

ஜூன் வந்தது. வெளியே வேலை செய்கிற மனிதருக்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணிவரை வெயிலில் வேலை கூடாது என்று சட்டம் போட்டிருக்கிற ஊர் இது. அதிகாலை சுபுஹு பாங்கு கேட்கிற நேரத்துக்கு எழுந்து நடக்கப் பழகினோம். இறங்கியதும் புறங்கையைத் தரையில் வைத்து ஏழுவரை எண்ணுவேன். கை தாங்கவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. தார் சாலை ராத்திரியிலும் சூட்டை விடாது, அதிகாலையில்தான் ஆறும். காலுக்கு பூட்ஸ் வாங்கி மாட்டினேன். கொக்கு மாதிரி ஒவ்வொரு காலாகத் தூக்கி உதறி, நாலாவது நாள் ஒன்றைக் கடித்துத் துப்பிவிட்டது. புல்வெளியில் தேங்கும் தண்ணீரையும் குடிக்க விடக்கூடாது, செடிகளுக்குப் பாய்ச்சுவது பெரும்பாலும் சுத்திகரித்த கழிவுநீர். வீட்டில் நாள் முழுக்க ஏசி ஓடியது. அதிலும் மதியமானால் குளியலறைக்குப் போய் டைல்ஸைப் பறட் பறட் என்று பிறாண்டிவிட்டுத்தான் படுக்கும். நகம் வளர்ந்திருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்டில் ஒருநாள் காலை நடை தவறிப்போனது. ராத்திரி ஒன்பது மணிக்குப் போனைப் பார்த்தால் 35 டிகிரி. பகலில் 43 அடித்த ஊருக்கு இது குளிர்தானே என்று கிளம்பினேன். வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து மூடிப்போயிற்று. சட்டை முதுகில் ஒட்டியது. அப்படி ஒரு புழுக்கம். அதோடு திரும்பியிருக்க வேண்டும்.

பார்க்கிங்கில் ஒரு காரடியிலிருந்து பூனை ஓடியது. செவலை ஒரு எட்டு பின்வாங்கித் தலையை உருவிக்கொண்டது. என் கையில் கயிறும் காலிப் பட்டையும். நான்கைந்து நிமிடம் வண்டிகளுக்கு நடுவே அது பறந்த பறப்பில் முயல் வேட்டை தெரிந்தது. அப்புறம் தானாக நின்றது. பக்கத்தில் போனபோது எச்சில் கயிறாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஈறு செங்கல் நிறம். பின்னங்கால் பின்னியது. தூக்கிக்கொண்டு மேலே ஓடினேன்.

குளியலறையில் குழாயைத் திறந்தால் கொதிக்கிறது. மொட்டைமாடித் தொட்டியில் நாள் முழுக்கக் காய்ந்த தண்ணீர். மனைவி ஈரத்துண்டை அதன் மேல் போர்த்திக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். சத்தம் கேட்டு எட்டிப்பார்த்த எதிர்வீட்டுச் சேட்டன்தான் கத்தினார்: "சூடுவெள்ளத்தோட பைப்பு தொறக்கு! ஹீட்டர் ஓஃப் அல்லே?" மே மாதத்திலிருந்தே ஹீட்டரை அணைத்துத்தான் வைத்திருந்தோம். அதற்குள் தேங்கிய தண்ணீர் ஏசி வீட்டுக்குள் கிடந்து ஆறியிருந்தது. சிவப்புப் பக்கம் திருப்பினால் குளுமையாக வருகிறது! அது தீர்ந்ததும் குடிநீர் கேனைக் கவிழ்த்தோம். போனில் டாக்டரம்மா முதலில் சொன்னது, துண்டை எடுங்கள், அது சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும், தண்ணீரை ஊற்றிக்கொண்டே காற்று படவிடுங்கள் என்பது. கொஞ்சம் நனைத்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும், காயக்காயக் கொண்டுவரக்கூடாது என்றார். போய்ச் சேர்ந்தபோதும் உடம்புச் சூடு 40.6. நாய்க்கு 39 சொச்சம்வரைதான் சாதாரணம். ராத்திரி முழுக்க டிரிப்ஸ், சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனை, இரண்டுநாள் கழித்து மறுபடி ஒன்று. பிழைத்தது.

நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்து, அந்த ஈரம் காற்றில் காய்ந்தால்தான் உள்சூடு இறங்கும். காற்றே ஈரமாக இருந்தால் எங்கே காய? ஜூன் மாதத்து வறண்ட 43 டிகிரிப் பகல், அதிகாலை நடைக்காவது விட்டுக்கொடுக்கிறது, ஆகஸ்ட் ராத்திரியின் 35 கொல்லப் பார்க்கிறது. இதை டாக்டரம்மா சொல்லித்தான் நான் புரிந்துகொண்டேன். இப்போது போனில் முதலில் பார்ப்பது ஈரப்பதத்தை. அது ஏறிய நாளில் கீழே இறங்கி ஒன்றுக்கு விட்டுவிட்டு உடனே மேலே வந்துவிடுவோம், ஓட்டமெல்லாம் கிடையாது. பட்டையும் மறுநாளே வாங்கினேன். கொண்டுவருவதாக இருப்பவர்கள் அக்டோபருக்கு மேல் கொண்டுவாருங்கள், உடம்பு ஊருக்குப் பழக ஒரு முழுக் குளிர்காலம் கிடைக்கும். பிப்ரவரி தாமதம்.

அம்மாவிடம் ஒரு வாரம் சொல்லவில்லை. சொன்னபோது திட்டுவாள் என்று நினைத்தேன். சித்தப்பா சொன்னதை, வெயில் தாங்குகிற சாதி என்று நம்பியதையெல்லாம் ஒப்பித்தேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"ஏய்யா, இங்கயும் அது என்னைக்கு வெயில்ல கெடந்துச்சு? மத்தியானமானா தண்ணித்தொட்டிக்குப் பின்னால போயி ஈரமண்ணப் பறட்டுப் பறட்டுன்னு தோண்டி, அந்தக் குழிக்குள்ளதான கெடக்கும். சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்காது. நீ பாத்ததே இல்லையா?"

போனைக் காதில் வைத்தபடியே குளியலறையை எட்டிப்பார்த்தேன். டைல்ஸைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.