ஐயாற்றில் இணை தேடி

திருநாவுக்கரசர் திருவையாற்றில் பாடிய 'மாதர்ப் பிறைக்கண்ணியானை' பதிகத்தை, படம் எடுக்கிற எவரும் ஒரு தடவையாவது நிதானமாகப் படிக்க வேண்டும். கயிலையைக் காணப் புறப்பட்ட அடியவர் அவர். பாதம் தேய்ந்தது. கையால் தவழ்ந்தார், மார்பால் ஊர்ந்தார், கடைசியில் உடம்பையே உருட்டிக்கொண்டு போனார். முனிவராக எதிரே வந்த இறைவன் ஒரு பொய்கையில் மூழ்கச் சொல்ல, வடக்கே மூழ்கியவர் எழுந்தது திருவையாற்றுக் குளத்தில். கரையேறிக் கோயிலுக்கு நடக்கும்போது அவர் கண்ணில் பட்டவை என்ன? பிடியோடு களிறு, பெடையோடு கோழி, அப்புறம் குயில், மயில், அன்றில், நாரை, கிளி... காட்டுப்பன்றி கூட உண்டு. பாட்டுக்கு ஓர் இணை. அத்தனையிலும் சிவனையும் சக்தியையும் கண்டு, 'கண்டேன் அவர் திருப்பாதம், கண்டறியாதன கண்டேன்' என்று உருகுகிறார்.

முதல் பாட்டிலேயே எனக்கு இரண்டு கட்டளைகள் கிடைத்தன. பூவும் நீரும் சுமந்து போகிற அடியார்களுக்குப் 'பின் புகுவேன்' என்கிறார். 'யாதும் சுவடு படாமல்' ஐயாறு அடைந்தேன் என்கிறார். கேமராவோடு கோயிலுக்கும் ஆற்றங்கரைக்கும் போகிறவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? கும்பிட வந்தவர்களை முந்தாதே. போன இடத்தில் தடம் விடாதே. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு, அந்தப் பதிகத்தின் இணைகளைத் தேடித் தஞ்சைப் பக்கம் பருவத்துக்குப் பருவம் போய்வருகிறேன்.

அப்பர் என்று அழைக்கப்படும் திருநாவுக்கரசர் கயிலைக் காட்சி கண்ட நாளாக ஆடி அமாவாசையைத் திருவையாற்றில் கொண்டாடுகிறார்கள். அன்று காலை புஷ்ய மண்டபப் படித்துறையில் கூட்டம் நெரியும். முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க வந்தவர்கள். எள்ளும் தண்ணீரும் கையிலிருந்து வழிகிற அந்த நேரத்தில் ஒருவர் முகத்துக்கு நேரே கேமராவை நீட்ட எனக்கு மனம் வருவதில்லை. அது அவர்களுக்கும் போய்ச் சேர்ந்தவர்களுக்கும் இடையிலான நேரம். கேமரா பையில்தான் இருக்கும். காவிரியில் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்ப்பேன். மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்திருந்தால், ஆடிக்குள் படித்துறைக்குத் தண்ணீர் வந்துவிடும்.

பகலில் கோயிலுக்குள் சுற்றுவதற்கு நிறைய இருக்கிறது. ஐயாறப்பர், அறம்வளர்த்த நாயகி சந்நிதிகள் தவிர, வளாகத்துக்குள்ளேயே வடகயிலாயம், தென்கயிலாயம் என்று தனிக் கோயில்கள். வடகயிலாயம் ராஜராஜ சோழனின் தேவியான உலோகமாதேவி எடுப்பித்தது. தென்கயிலாயத்தின் திருச்சுற்றில், கன்னட, ஆந்திரப் பக்கத்து நுளம்ப நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்று ஆய்வாளர்கள் சொல்லும் தூண்கள் நிற்கின்றன. சோழர் தூண்களின் அடக்கம் இவற்றில் கிடையாது. பட்டைக்குப் பட்டை நுணுக்கமான வேலை. மனிதர்கள் நடமாடும்போது மண்டபத்துக்குள் வெளிச்சம் மாறும், அப்போது ஒரு தூண் திடீரென்று கண்ணுக்குத் தெரியும். ஃப்ளாஷ் போட்டால் அத்தனையும் தட்டையாகிவிடும்.

வெளிப்பிராகாரத்தின் தென்மேற்கில் நின்று 'ஐயாறா' என்று கூப்பிட்டால் ஏழு தடவை எதிரொலிக்கும் என்பார்கள். நான் போனபோது ஒரு சிறுமி அங்கே நின்று முழுத் தொண்டையில் கூப்பிட்டாள். கூப்பிட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். அவள் தாத்தாவிடம் அனுமதி கேட்டு அந்தக் காத்திருப்பைத்தான் எடுத்தேன். ஒலியைப் படத்தில் பிடிக்க முடியாது, கேட்கிற முகத்தைப் பிடிக்கலாம்.

மாலையில் கயிலைக் காட்சி. கூட்டத்தின் பின்வரிசையில் நின்று ஓதுவார் பாடக் கேட்டேன். பதிகத்தின் பண் காந்தாரம், நவரோஜ் ராகத்தில் பாடுவது வழக்கம். ஏற்கெனவே படித்துப் படித்து மனப்பாடமான வரிகள்தான். ஆனால் அவர் 'கண்டேன்' என்பதை நீட்டி, மறுபடி எடுத்து, மூன்றாம் முறை குரலைத் தாழ்த்தியபோது என் கண் நிறைந்துவிட்டது. தீபாராதனை முடிந்ததும் அவரைக் கும்பிட்டு, "ஐயா, அப்பர் சுவாமி பார்த்த எல்லாத்தையும் படம் எடுக்கணும்னு ஒரு ஆசை" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "எடுங்க தம்பி. ஆனா ஜோடியா வந்தாத்தான் எடுக்கணும். ஒத்தையா நின்னா விட்டுடுங்க" என்றார். அன்றிலிருந்து அதுவும் எனக்கு விதி.

அந்த விதி ஆளைப் பொறுமைசாலி ஆக்கிவிடும். குடமுருட்டி ஆற்றங்கரையில் விடிகாலையில் போய் உட்கார்ந்தால், தனி நாரை எத்தனையோ வரும். நத்தைக்குத்தி நாரையின் அலகு நடுவில் இடைவெளியோடு இருக்கும். நடவு முடிந்த வயலில் நத்தையை எடுத்து, ஓட்டிலிருந்து சதையைப் பிரிக்கிற லாகவத்தைப் பார்த்தால் நேரம் போவதே தெரியாது. தனியாக வந்ததை எடுக்காமல் விடுவது கடினம்தான். ஆனால் இரண்டு பறவைகள் ஒரே சேற்றில் எதிரெதிரே நின்று, ஒன்று இறக்கையை விரிக்க மற்றது தலை நிமிர்த்திப் பார்த்த கணம் ஒரு நாள் வந்தது. அப்பருக்குப் பதிகத்தில் கிடைத்த வரிசை எவ்வளவு பெரிய கருணை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

குயில் இன்னும் சிரமம். ஆண் கன்னங்கரேல் என்று இருக்கும். பெண் பழுப்பில் வெள்ளைப் புள்ளியும் வரியுமாக. அப்பர் 'வரிக்குயில்' என்றே பாடியிருக்கிறார். இலைச் செறிவுக்குள் ஒளிந்திருக்கும் குயிலை வெளியே வரவழைக்க, அதன் குரலைப் பதிவிலிருந்து ஒலிக்கவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. எல்லைக்குள் இன்னொரு ஆண் வந்துவிட்டதென்று அது பதறித்தான் வெளியே வரும். கூட்டருகே போவதும் அப்படியே. யாதும் சுவடு படாமல் என்று பாடியவரின் பெயரைச் சொல்லிக்கொண்டு அதைச் செய்ய முடியுமா?

களிறும் ஏறும் எனக்குக் கல்லில் கிடைத்தன, தாராசுரத்தில். இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேசுவரர் கோயில். இந்திரனின் யானை ஐராவதம் சாபம் நீங்கித் தன் வெண்மையைத் திரும்பப் பெற்ற தலம். ஒரே தலையை ஒரு பக்கம் மறைத்தால் யானை, மறுபக்கம் மறைத்தால் காளை. அந்தச் சிற்பத்தைத் தேடி எல்லோரும் வருவார்கள். பலிபீடத்தருகே தட்டினால் ஸ்வரம் எழும் படிகள், இப்போது கம்பி வேலிக்குள் பத்திரமாக இருக்கின்றன. நான் நேரம் செலவழிப்பது கருவறைச் சுவரின் அடிப்பகுதியில். நாயன்மார் கதைகள் சிறுசிறு சிற்பங்களாக, பெயர் பொறித்து, வரிசையாக ஓடுகின்றன. கண்ணப்பர் கண்ணைப் பெயர்ப்பதும், முதலை விழுங்கிய பிள்ளை சுந்தரர் பாட்டால் மீள்வதும் சாண் அளவில் இருக்கின்றன. தரையில் உட்கார்ந்தால்தான் நம் கண்ணுக்கு நேராக வரும்.

படம் எடுக்கிறவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். கோயில் கிழக்கு பார்த்தது. மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், காலை வெயில் தென்சுவரை உரசிக்கொண்டு விழும். உளி பட்ட ஒவ்வொரு பள்ளமும் நிழல் பிடிக்கும். வடசுவர் அப்போது இருட்டு. அதற்கு வைகாசி, ஆனியில் போக வேண்டும். நம் ஊரில் அந்த மாதங்களில் சூரியன் தலைக்கு வடக்கே நகர்ந்துவிடுகிறது. ஆக, தாராசுரத்தை முழுதாகப் பார்க்க ஒரு வருஷம் ஆகும். சிற்பி இதைத் தெரிந்தே செய்தானா என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வெயிலில் கண்ணப்பரைப் பார்த்தவர்கள் கை கூப்பாமல் எழுந்ததை நான் கண்டதில்லை.

தையில் பெரும்பாலும் வரும் புஷ்ய பகுள பஞ்சமியன்று மறுபடி திருவையாறு. 1847-ல் மறைந்த தியாகராஜ சுவாமிகளின் சமாதி முன்னால் வித்வான்கள் எதிரெதிரே வரிசையாக உட்கார்ந்து நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ராகங்களில் பஞ்சரத்ன கிருதிகளைப் பாடுவார்கள். எல்லோரும் மேடை முகங்களைத்தான் எடுப்பார்கள். நான் கைகளை எடுப்பேன். ஒரே தாளத்தில் விழுகிற கிழக் கைகளும் பிஞ்சுக் கைகளும். சமாதிக்குத் தன் சொந்தச் சொத்தைச் செலவிட்டுக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள், எதிரே சிலையாக அமர்ந்து சுவாமிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தக் குருவையும் பக்தையையும் கூட என் இணை வரிசையில் சேர்த்திருக்கிறேன். ஓதுவார் மறுக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

சித்திரையில் ஏழூர்த் திருவிழா. திருமழபாடியில் கல்யாணம் முடித்த நந்திதேவரையும் சுயசாம்பிகையையும் அழைத்துக்கொண்டு ஐயாறப்பர் பல்லக்கில் புறப்படுவார். திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று ஊர் ஊராக. புதுமணத் தம்பதி விருந்துக்குப் போகிற அதே நடை. ஆற்று மணலில் பல்லக்குத் தூக்கிகளின் கால் புதைய, பின்னால் நாதஸ்வரமும் தவிலும் வர, அவர்கள் பின்னே புகுவதைத் தவிர அன்று எனக்கு வேறு வேலை கிடையாது.

இன்னும் ஏனம் என்கிற காட்டுப்பன்றி மட்டும் பாக்கி. சம்பா முற்றும் சமயத்தில் இரவு வயலுக்குப் பன்றிகள் இறங்குகின்றன என்று கொள்ளிடக் கரை விவசாயி ஒருவர் சொன்னார். அவருக்கு அது நஷ்டம், எனக்கு அது பதிகத்தின் ஒரு பாட்டு. விடியும் முன் அவை கரையேறித் திரும்புகிற வழியைக் காட்டுகிறேன் என்றிருக்கிறார். தை பிறந்ததும் போகிறேன்.