குக்கர் வெயிட்டுக்குக் கீழே நடப்பது

திறந்த பாத்திரத்தில் எவ்வளவு தீ வைத்தாலும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. மலைமேல் காற்றழுத்தம் குறைவு என்பதால் ஊட்டியில் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அங்கே பருப்பு வேக அடம்பிடிப்பது அதனால்தான்.

குக்கரில் ஆவி வெளியேறும் துளையின் விட்டம் 3 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு சுமார் 7 சதுர மி.மீ. அதன்மேல் 70 கிராம் வெயிட் உட்கார்ந்தால், வெளிக்காற்றைவிட ஏறக்குறைய ஒரு மடங்கு அழுத்தம் கூடினால்தான் ஆவி அதைத் தூக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீரின் கொதிநிலை 120 டிகிரி. இதே குக்கர் ஊட்டியில் 116 டிகிரிதான் தரும், ஏனென்றால் வெயிட் கூட்டுவது வெளிக்காற்றுக்கு மேலேதான்.

முதல் விசில் வந்ததும் தீயைக் குறையுங்கள். பெருந்தீயில் சூடு ஏறாது, ஆவிதான் வீணாகும். விசில் எண்ணிச் சமைப்பதும் அவ்வளவு துல்லியமான கணக்கல்ல. தீயின் அளவைப் பொறுத்து விசில்களின் இடைவெளி மாறும். நிமிடக் கணக்கே மேல்.

விசில் வராமல் விளிம்பில் ஆவி கசிந்தால் கேஸ்கட் தளர்ந்திருக்கிறது. கசிவும் இல்லை, விசிலும் இல்லை என்றால் ஆபத்து: பருப்பு நுரை துளையை அடைத்திருக்கலாம். அடுப்பை அணைத்துத் தானாக ஆறவிடுங்கள். பருப்பை அரைப் பாத்திரத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். மூடி போடுமுன் துளை வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

தண்ணீர் வற்றினால் சூடு எகிறி, சேஃப்டி வால்வில் உள்ள உலோகக் கலவை உருகி வழிவிடும். உருகிய வால்வை மாற்றத்தான் வேண்டும், அடைக்கக் கூடாது.