ஆறு மஞ்சள் குளிசைகள்

வெள்ளிக்கிழமை இரவு ஆறு மெதோட்ரெக்சேட் குளிசைகள், திங்கட்கிழமை ஒரு போலிக் அசிட் விட்டமின். முடக்குவாதத்துக்காக 2019 முதல் இதுதான் வழக்கம். கிளினிக், ஊசி, எக்ஸ்ரே கதையெல்லாம் இந்த நோய் உள்ள எல்லோருக்கும் தெரிந்ததுதான். சொல்ல வந்தது 2022 இல் நடந்தது.

இலங்கையெங்கும் மருந்துத் தட்டுப்பாடு. கொக்கட்டிச்சோலையில் பஸ் பிடித்து, மண்முனைப் பாலம் தாண்டி மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போய், விடியற்காலையிலேயே நம்பர் எடுத்துக் காத்திருந்தேன். முறை வந்தபோது, "இரத்த ரிப்போர்ட் எங்கே?" என்றார் தாதி. என் கிளினிக் கொப்பியில் இல்லை. ஈரலும் வெள்ளை அணுக்களும் எப்படி இருக்கின்றன என்று பார்க்காமல் இந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது, அது நியாயம். ஆனால் இரத்தம் எடுத்ததும் அவர்கள், தொலைத்ததும் அவர்கள். ரிப்போர்ட் வேறொருவரின் கொப்பிக்குள் ஒட்டியிருந்ததாம். கண்டுபிடிக்க நான்கு நாள். மறுபடி போனால் மருந்து முடிந்துவிட்டது, வெளியில் வாங்கச் சொல்லி மருந்துத் துண்டு எழுதித் தந்தார்கள்.

கடையில் வாங்கியதும் அதே மஞ்சள் குளிசைதான். இரவு ஆறை எண்ணிக் கையில் வைத்தபிறகுதான், ஏனோ, பழைய அட்டையை எடுத்துப் பார்த்தேன். பழையதில் 2.5 மில்லிகிராம். புதியதில் 10. அதாவது 15 போட வேண்டிய இடத்தில் 60! வாயெல்லாம் புண்ணாகி, இரத்த அணுக்கள் விழுந்து, உயிரே போயிருக்கலாம். மறுநாள் கடைக்காரத் தம்பி, "அக்கா, துண்டில் ஆறு என்றுதானே இருக்கிறது" என்றான். உண்மைதான், மில்லிகிராமை எழுதவே இல்லை. அன்றிலிருந்து மில்லிகிராமும் கிழமைக்கு ஒரு நாள் என்பதும் துண்டில் எழுதப்படாமல் கதிரையை விட்டு நான் எழும்புவதில்லை. இதைத் தினமும் போட்டு ஆபத்தில் விழுந்தவர்களும் உண்டு.

இவ்வளவு பயத்தோடு எதற்கு இந்த மருந்து என்று மாமி கேட்காத நாளில்லை. தொடக்கத்தில் நானும் கேட்டேன். இரண்டு மாதம் ஒரு பலனும் தெரியவில்லை, அதற்குள் கூடக் கொடுத்த பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு முகத்தைப் பூசணிக்காயாக ஊத வைத்துவிட்டது. பிறகு ஒரு காலையில் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருக்கிறேன், விரல்கள் மடங்குகின்றன! சனிக்கிழமைக் குமட்டலும் சீப்பில் வரும் முடியும் அதற்கு நான் கொடுக்கும் விலை. ஒருமுறை மாமியின் பேச்சைக் கேட்டு நானாகவே நிறுத்தினேன். ஏழாம் கிழமை சட்டைப் பொத்தான் போட மகளைக் கூப்பிட வேண்டி வந்தது.

வயல் சூழ்ந்த எங்கள் படுவான்கரையில் இருந்துகொண்டு வயலில் இறங்காமல் இருக்க முடியாது. பூட்ஸ் போட்டுத்தான் இறங்குகிறேன். வயல் தண்ணீரில் தொற்றும் எலிக்காய்ச்சல், இந்த மருந்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்த எங்களைப் போன்றவர்களிடம் இரக்கம் காட்டாது. காய்ச்சல் என்றால் பரசிட்டமோலோடு வீட்டில் படுக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.

போன மாதம் சிறுநீர் எரிவுக்குத் தனியாரிடம் காட்டினேன். அவர் கோட்ரைமொக்சசோல் எழுதத் தொடங்கினார், மெதோட்ரெக்சேட்டோடு சேரக் கூடாத கிருமிகொல்லி மருந்து அது. கொப்பியின் மட்டையில் சிவப்புப் பேனையால் நான் எழுதி வைத்திருந்த மெதோட்ரெக்சேட்டைக் காட்டினேன். ஒரு கணம் பார்த்தார், எழுதியதை வெட்டினார், வேறு மருந்து எழுதினார்.